இருநூற்று நாற்பதில் ஒன்று

ஒரு மனிதனுக்கு இருநூற்று நாற்பது சொற்கள் போதும் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். பக்கவாதத்தில் பேச்சு போன ஒருவரை மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். காட்பாடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பேச்சு மீட்பு மையத்தில் மிருதுளா பதினோரு வருடமாக அப்படிக் கும்பிடு வாங்கிக்கொண்டிருந்தாள்.

காதுக்குப் பின்னால், எலும்புக்கு அடியில், வேப்பங்கொட்டை அளவில் ஒரு கருவியை வைப்பார்கள். சொற்கூடு என்று பெயர். மூளையில் அறுந்துபோன இடத்தைத் தாண்டிச் சொல்லை வாய்வரை கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. நோயாளிக்குக் காது கேட்கும், எல்லாம் புரியும், எல்லாம் நினைவிருக்கும். வாய்க்கு வருவது மட்டும் கூட்டில் வைத்த இருநூற்று நாற்பதுதான். எந்த இருநூற்று நாற்பது என்பதைக் குடும்பம் முடிவு செய்யவேண்டும். நோயாளியையே கேட்டால் என்ன என்பீர்கள். அவர் எதைக் கொண்டு பதில் சொல்வார்?

அந்தப் பட்டியல்களைப் பதினோரு வருடம் பார்த்ததில் குடும்பங்களைப் பற்றி மிருதுளாவுக்கு மயக்கம் எதுவும் மிச்சமில்லை. ஒரு குடும்பம் உறவுக்காரர்களின் பெயர்களாக முப்பத்தொன்றை எழுதிவிட்டு 'தண்ணீர்' என்பதை மறந்துவிட்டது. இன்னொரு குடும்பம் எழுதிய பட்டியலில் மன்னிப்புக் கேட்கும் சொற்களே ஒன்பது இருந்தன. அந்த நோயாளி பழைய நாட்களில் எப்படிப்பட்டவர் என்று அவள் விசாரிக்கவில்லை.

சம்பத்குமாரின் குடும்பம் நல்ல நாள் பார்த்து வந்தது. குடும்பம் என்றால் மனைவி மாதவிலதா மட்டும்தான். மகன் நிஷாந்த் ஹாம்பர்க்கில் இருந்து திரையில் வந்தான். பட்டியலின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. முதல் சொல் பிள்ளையார்.

சம்பத்குமார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் ஜோலார்பேட்டை. வீட்டில் மனைவியோடு தெலுங்கு, ஏனென்றால் அந்த அம்மாள் ரேணிகுண்டாவில் பிறந்தவர். பாலக்காடு, மங்களூர்ப் பக்கம் முப்பது வருடம் வண்டியில் போய்வந்ததில் மலையாளம். அதிகாரிகளோடு இந்தி. நான்கு மொழி பேசிய வாய்க்கு இருநூற்று நாற்பது சொல்லை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் மிருதுளாவின் தலைவலி.

அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். மொழிகள் பொதுவில் வைத்திருக்கும் சொற்களை ஒரே இடத்தில் வைக்கலாம். மூளையில் அவை ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. முடிச்சைப் பிரிக்காமல் அப்படியே ஏற்றினால் நான்கு மொழியும் வரும், ஓர் இடம்தான் செலவு.

"உதாரணத்துக்கு சம்சாரம்னு வைங்க" என்றாள் மிருதுளா. "தமிழ்ல மனைவி. தெலுங்குல என்னம்மா?"

"குடும்பம். வீடு வாசல், பிள்ளை குட்டி எல்லாம் சேர்த்துச் சொல்றது" என்றார் மாதவிலதா.

"மலையாளத்துல பேச்சு. இந்தியில வால் கொஞ்சம் குறையும், சன்சார்னா உலகம். மனைவி, குடும்பம், பேச்சு, உலகம் நாலும் ஒரே இடத்துல அடங்கிடுது."

"எல்லாத்துக்கும் மூலம் ஒண்ணுதான்" என்றான் நிஷாந்த் திரையிலிருந்து. "ஒவ்வொரு ஊர்க்காரனும் அவனவனுக்கு முக்கியமானதை எடுத்துக்கிட்டிருக்கான்."

"அப்போ தமிழங்களுக்குப் பொண்டாட்டிதான் முக்கியம்" என்று மாதவிலதா சொல்ல, மூவரும் சிரித்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த சம்பத்குமாரின் உதட்டின் இடது ஓரமும் லேசாக மேலே போனது.

இப்படி முப்பத்தெட்டுச் சொற்கள் கிடைத்தன. அந்தப் பெருமையில்தானோ என்னவோ, பட்டியலின் கடைசியில் மிருதுளா கொஞ்சம் அவசரப்பட்டாள்.

"அம்மா, இதுல 'இல்லை' காணோம். 'வேண்டாம்' காணோம். 'வலி', 'போதும்' எதுவுமே காணோமே?"

மாதவிலதா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீட்டுல அரிசி தீர்ந்துபோனா என்னம்மா சொல்லுவீங்க?"

"நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவாங்க, எங்க அம்மா."

"விளக்கை அணைன்னு சொல்லுவாங்களா?"

"குளிர வைன்னுதான் சொல்லுவாங்க."

"வெறும் வாயாலயே சொல்லக்கூடாத வார்த்தைன்னு வெச்சிருக்கோம். அதைக் கத்தி வெச்சுக் கிழிச்சு மண்டைக்குள்ள நடச் சொல்றீங்களே? மறுபிறவி எடுத்து வந்த மனுஷன் வாயில நல்ல வார்த்தையா வரட்டும்."

மிருதுளாவும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள்தான். 'எதிர்மறைச் சொற்கள்: குடும்பம் விரும்பவில்லை' என்று படிவத்தில் குறித்துவிட்டாள். அப்படி ஒரு கட்டம் படிவத்திலேயே இருந்தது. முன்பும் பல குடும்பங்கள் விரும்பவில்லை போலும்.

கருவி நன்றாக வேர் பிடித்தது. நாற்பதாவது நாள் சம்பத்குமார் "ரயில்" என்றார். அவருடைய அறைச் சன்னலுக்கு வெளியே இருநூறு அடியில் தண்டவாளம். அன்றைக்கு மாதவிலதா தாழ்வாரத்தில் நின்று அழுத அழுகையில் மற்ற அறைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு சம்பத்குமார் கூட்டை அடித்துத் துவைத்தார் என்றுதான் சொல்லவேண்டும். பயிற்சிக்காக மையத்திலேயே தங்கியிருந்த ஆறு மாதத்தில் அதிகம் உழைத்தது சம்சாரம் என்ற சொல். மனைவியைக் காட்டி மருத்துவரிடம், "சம்சாரம்" என்பார். அதே மனைவியிடம் தெலுங்கு ராகத்தில் "சம்சாரம்?" என்று இழுப்பார். அந்த அம்மாள் மகன், மருமகள், பேத்தி, பூட்டிய வீடு என்று எல்லாச் செய்தியும் சொல்வார். ஒற்றப்பாலத்திலிருந்து வந்த நர்ஸ் ஷைனியைப் பார்த்துச் சொன்னால், அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பிப்பாள். செய்தித் திரையில் எங்கோ வெள்ளம் ஓடினால் "சன்சார்" என்று பெருமூச்சு விடுவார். யாருக்கும் குழப்பமில்லை. பேசும் ஆளின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

மற்றதற்கெல்லாம் "நல்லது" இருந்தது. இட்லி வைக்கட்டுமா? நல்லது. இன்னொன்று? நல்லது. டிவியில் பக்திச் சொற்பொழிவு போடட்டுமா? நல்லது. ஆறு மாதத்தில் அவர் ஒன்பது கிலோ ஏறியிருந்தார். "முன்னெல்லாம் பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிடுவாரு. இப்போ குழந்தை மாதிரி சொன்ன பேச்சு கேக்கறாரு" என்று மாதவிலதா பூரித்தார். எடையைக் குறித்துக்கொண்ட மிருதுளாவுக்கும் அதில் வேறெதுவும் தோன்றவில்லை.

அப்போதுதான் இரண்டாம் கட்டம் வந்தது.

மையத்தின் தலைமை மருத்துவர் கிளாட்சன் நல்ல மனிதர், வேகமானவர். தாயையும் திரையில் இருந்த மகனையும் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"இருநூத்தி நாற்பது ரெண்டாயிரமா ஆகும். முழு வாக்கியம் பேசலாம். ஆனா புதுக் கருவிக்கு ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கணும், ஒரே மொழியாவும் இருக்கணும். அந்த முடிச்சுகளைப் பிரிச்சாகணும்."

"பிரிச்சா?" என்றார் மாதவிலதா.

"சம்சாரம்னா மனைவி. அதோட சரி. மத்த மூணும் வாய்க்கு வராது. தெலுங்கு, மலையாளம், இந்தி கேட்டாப் புரியும், பேச வராது."

"தமிழ் போதும் டாக்டர்" என்றான் நிஷாந்த். "பிரணவிகிட்ட தாத்தா ஒரு கதை சொல்லணும்னா இருநூத்தி நாற்பது வார்த்தைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு? அம்மாவுக்குத்தான் தமிழ் நல்லாத் தெரியுமே."

மாதவிலதா தலையாட்டினார். கல்யாணமாகி ஜோலார்பேட்டை வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் கேட்ட ஒரே தெலுங்குக் குரல் கணவருடையது. அது போகும் என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் தன் பங்குக்காக ஒரு மனிதனின் பேச்சைக் குறைத்து வைப்பதா என்று வாயை மூடிக்கொண்டார்.

"சாரோட சம்மதம் வேணும்" என்றாள் மிருதுளா.

"சட்டப்படி மூணு நாள், மூணு தடவை கேப்போம்" என்றார் கிளாட்சன். "வாய்விட்டு மறுக்கலைன்னா சம்மதம். கடைசியில மனைவி கையெழுத்து."

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் ஊர்ப் பழமொழி. சட்டம் எழுதியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான்.

முதல் நாள் காலை பத்து மணிக்குக் கேட்டார்கள். சம்பத்குமார் பதில் சொல்லவில்லை. 'மறுப்பு பதிவாகவில்லை' என்று கருவி காட்டியது. அன்று முழுவதும் அவர் எதுவுமே பேசவில்லை. இட்லிக்கு நல்லது இல்லை, ஷைனிக்குச் சம்சாரம் இல்லை. இரண்டாம் நாளும் கேட்டார்கள். அதே மௌனம், அதே பதிவு.

களைப்பு என்றார் மருத்துவர். மிருதுளா கருவியைச் சோதித்தாள், பழுதில்லை. இரண்டாம் நாள் மதியம் அவள் சன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். வெளியே ஒரு சரக்கு வண்டி அரை மணி நேரமாக நகராமல் நின்றது. அதன் இரைச்சல் எரிச்சலூட்டியது.

"எதுக்கும்மா இது இப்படி நின்னுட்டிருக்கு? சிவப்பு விளக்குகூட எரியலையே."

"எரியலைல்ல, அதான் நிக்குது" என்றார் மாதவிலதா, வெங்காயம் விலை சொல்லுகிற சாதாரணத்தில். முப்பத்தாறு வருடம் கார்டு வீட்டில் குடித்தனம் செய்தவர் ஆயிற்றே. "சிக்னல்ல விளக்கே எரியலைன்னா சிவப்புன்னுதான் எடுத்துக்கணும். பச்சைன்னு நாமளா நினைச்சுக்கிட்டுப் போகக்கூடாது. அதுதான் ரயில்வே ரூல். இவரு எங்க பையனுக்கு ஏ பி சி டிக்கு முன்னாடி அதைத்தான் சொல்லிக்..."

பேச்சு அங்கேயே நின்றது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பத்குமார் அவர்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதவிலதா மெல்லக் கட்டிலருகே போனார். "ஏமண்டி, உங்களுக்கு அந்த ஆபரேஷன் வேணுமா?"

மௌனம்.

"வீட்டுக்குப் போலாமா?"

"நல்லது" என்றார் சம்பத்குமார். இரண்டு நாளில் முதல் சொல்.

மாதவிலதா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "அப்போ அந்த இட்லி?" என்று கேட்டார். பதில் வரவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். வேறு சொல் இல்லாமல் அந்த மனிதர் சொன்ன 'நல்லது'களை நம்பி ஆறு மாதமாக ஊட்டியிருந்தார். மிருதுளாவுக்கும் வெட்கமாக இருந்தது. படிவத்தின் அந்தக் கட்டத்தில் அவளுடைய கையெழுத்தும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. கிளாட்சன் கேட்டார், சம்பத்குமார் பேசவில்லை, கருவி தன் கடமையைச் செய்தது. கையெழுத்துப் பலகை மாதவிலதாவிடம் நீண்டது.

"வேண்டாம்" என்றார் அவர்.

"அம்மா, அப்பா ஒண்ணும் சொல்லலையே" என்றான் நிஷாந்த் திரையில்.

"சொல்ல வார்த்தை வெச்சாத்தானேடா சொல்லுவாரு? நல்ல வார்த்தை மட்டும் வரட்டும்னு நான்தான் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். அவரு வாயில நான் வைக்காத வார்த்தைய இப்போ என் வாயால சொல்றேன். வேண்டாம். இல்லை. மாட்டோம். போதுமா?"

மஞ்சள் தடவிய பட்டியல் கொடுத்த அம்மாள்தானா இது என்று மிருதுளா பார்த்தாள். கிளாட்சன் பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சரிம்மா. பேத்திக்குக் கதை கிடைக்காது, அவ்வளவுதான்" என்றார். நிஷாந்த் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு திரை இருண்டது.

மருத்துவர் போனதும் மாதவிலதா மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பவே அந்த வார்த்தைய வெச்சுடுங்கம்மா. இன்னொரு வேளை அவரு அப்படிச் சாப்பிடக்கூடாது."

"வருஷத்துக்கு ஒரு சொல் மாத்தலாம்மா. ஆனா ஒண்ணை எடுத்தாத்தான் இன்னொண்ணு. அதுவும் ஒரு தடவைகூடப் பேசாத சொல்லா இருக்கணும். பேசினதெல்லாம் வேர் விட்டிருக்கும், எடுக்க முடியாது."

கருவி மூன்றே சொற்களைக் காட்டியது. பிள்ளையார். பிரணவி. லதா.

"முதல் வார்த்தை பிள்ளையாரு, அதை எடுக்கறதாவது" என்றார் மாதவிலதா. "பேத்தி பேரையும் எடுக்கக்கூடாது. கதைதான் இல்லைன்னு ஆயிடுச்சு, வீடியோவுல வந்தா கூப்பிடவாவது வேணாமா? என் பேரை எடுத்துடுங்க."

"அம்மா..."

"ஆறு மாசத்துல ஒரு தடவைகூடக் கூப்பிடலைன்னு உங்க மிஷினே சொல்லுதே. நான்தான் பக்கத்துலயே கிடக்கேன், கூப்பிட்டு என்ன ஆகணும்? சம்சாரம்னா போதும். அதுல நானும் இருக்கேன், வீடும் இருக்கு, எல்லாம் இருக்கு." கணவர் பக்கம் திரும்பினார். "ஏமண்டி, என் பேரை எடுத்துட்டு 'வேண்டாம்' வெக்கலாமா?"

சம்பத்குமார் அவரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"கண்ணப் பாத்தாத் தெரியுதே, சரிங்கறாரு" என்றார் மாதவிலதா. "சீக்கிரம் பண்ணுங்கம்மா."

மிருதுளாவும் சீக்கிரமாகவே செய்தாள். கேட்ட நேரம் பதினொன்று பத்து என்று குறித்துக்கொண்டாள். அவளுக்குத் தன் தவற்றை எப்படியாவது திருத்திவிட வேண்டும் என்ற அவசரம். இருபது நிமிடத்தில் மாற்றம் முடிந்தது.

"இன்னும் பத்து நிமிஷத்துல பேசிடுவாரு" என்றாள். மாதவிலதாவின் முகம் மலர்ந்தது. இன்றைக்கு எல்லோருக்கும் தன் செலவில் காப்பி என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனார். ஆறு மாதத்தில் கணவர் விழித்திருக்கும்போது அவர் அறையை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை.

கதவு சாத்திக்கொண்டது. சம்பத்குமார் கதவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றார். நாக்கு அதே இடத்துக்குப் போய் நின்றது. இடது கை போர்வையைப் பிடித்து இழுத்தது.

"சம்சாரம்" என்றார் சத்தமாக.

"எந்தா சாரே?" என்றபடி பக்கத்து அறையிலிருந்து ஷைனி வந்தாள். மூன்று நாள் கழித்து அவர் தன்னிடம் பேசியதில் அவளுக்குச் சந்தோஷம். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை ஆரம்பித்தாள்.

சம்பத்குமார் அவளைத் தாண்டி மிருதுளாவைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார்.

தெளிவாக வந்தது. மிருதுளா துள்ளிக்கொண்டு அருகே போனாள். "காப்பி வேண்டாமா சார்? அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்." இடது கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் கருவி இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு கதவைக் காட்டினார். "வேண்டாம். வேண்டாம்."

அப்போதுதான் மிருதுளாவுக்குப் பதினொன்று பத்து நினைவுக்கு வந்தது. கேட்டார்கள். அவர் பேசவில்லை. முந்தின நாள்தான் இருவரும் சன்னலோரம் நின்று அந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள். இனி ஒரு வருடத்துக்கு எதையும் மாற்ற முடியாது.

மாதவிலதா தட்டில் நான்கு தம்ளர்களோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பேசினாரா? நான் இல்லாம தேடினாரா?"

"தேடினார்மா."

"என்ன சொல்லிக் கூப்பிட்டாரு?"

மிருதுளாவின் வாயில் பதில் இருந்தது. இருநூற்று நாற்பது என்ன, அவளிடம் அத்தனை சொற்களும் இருந்தன. இருந்தும் அவள் வீட்டில் அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

"சம்சாரம்னுதான்" என்றாள்.

மாதவிலதா சிரித்தார். "நான் சொல்லல? அது போதும் அவருக்கு" என்று சொல்லி, காப்பியை ஆற்றிக் கணவரின் இடது கையில் கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்தார்.

மிருதுளா திரும்பி உட்கார்ந்து அன்றைய பதிவைத் திறந்தாள். பெயர் சம்பத்குமார், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. நீக்கப்பட்ட சொல் லதா. சம்மதம் கேட்ட நேரம் பதினொன்று பத்து. மறுப்பு பதிவான நேரம் பதினொன்று நாற்பது. முப்பது நிமிடம் தாமதம்.